வேகம்மா போட்ட அந்தப் பந்து

தபால் நிலைய வாசற்படிக்கு நான்கு எட்டு இருக்கும்போதே வேகம்மாவின் நடை மாறிவிடும். இரண்டு குட்டி எட்டு, ஒரு தாவல். இடது கால் படிக்கு முன்னால் பொத்தென்று இறங்க, வலது கால் அலுங்காமல் உள்ளே போய்விடும். படியை மிதித்தார் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. தரையில் ஓடுகள் சேரும் கோட்டைக்கூட மிதிக்கமாட்டார். "என்னக்கா, ஏதாச்சும் வேண்டுதலா?" என்று முத்திரை குத்தும் ஊழியர் கேட்டால், "உன் வேலையப் பாருடா" என்பதோடு சரி.

வயது ஐம்பத்திரண்டு. ஆறடிக்கு இரண்டு விரல்தான் குறைவு. பதிவுத் தபால் ஜன்னலில் உட்கார்ந்தால் வெளியே நிற்பவர்களுக்குக் கழுத்து மட்டும்தான் தெரியும். அதனால் குனிந்து குனிந்தே பேசுவார். கசக்கிய காகிதம் எதுவும் அவர் கையிலிருந்து குப்பைக்கூடைக்கு நடந்து போனதில்லை.

நாட்டுக்காக ஒன்பது கிரிக்கெட் ஆட்டங்கள் ஆடியவர். ஆண்கள் அணிக்குத் தைத்த சட்டையைக் கையை மடித்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வகுப்பறைகளில் படுத்தெழுந்து, பதினோரு விக்கெட் எடுத்தார். தோள் எலும்பு நகர்ந்தது, பத்தாவது ஆட்டம் நடக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலை வந்தது.

பதினொன்றில் ஒன்றைத்தான் ஊருக்கே சொல்வார். உலகக் கோப்பையைத் தூக்கிய அணியின் தலைவி, தொண்ணூற்றாறு ஓட்டத்தில் நிற்கிறாள். வேகம்மா போட்ட பந்து உள்ளே திரும்பி நடுக்குச்சியைப் பிடுங்கி எறிந்தது. தொலைக்காட்சியில் வராத ஆட்டம். ஊரில் சாட்சிக்கு ஆளில்லை. மின்பணியாளரான கணவருக்கு அது போதாதா? "போன வருஷம் குச்சி பத்தடி பறந்துச்சு. இந்த வருஷம் பதினஞ்சு. நீ ரிட்டயர் ஆகறப்போ மைதானத்தையே தாண்டிரும்!"

வேகம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால், அந்தப் பந்தை விட்ட நொடியில் முன்கால் கோட்டைத் தாண்டி விழுந்ததுபோல் இருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நடுவர் 'நோ பால்' என்று கையை நீட்டவில்லைதான். கவனிக்காமல் விட்டிருந்தால்? இருபத்தெட்டு வருடமாக அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசி அதிர்ந்தது. அன்று அவரோடு ஆடிய விக்கெட் கீப்பர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். "ஏய் வேகம்மா, எங்கண்ணன் வீட்டுப் பெட்டியில பழைய கேசட் ஒண்ணு கெடச்சுது. உன் விக்கெட் அதுல இருக்குடி!"

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். அதற்குள் முத்திரைக்காரர், தபால்காரர்கள், அதிகாரி, ஜன்னலுக்கு வெளியே நின்ற இரண்டு பேர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. முத்திரைக்காரர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். பக்கவாட்டிலிருந்து எடுத்த, குலுங்கும் படம். யாரோ ஒருவரின் முழங்கை விலகியது. கொக்குபோல ஒரு பெண் ஓடிவந்தாள், தாவினாள். நடுக்குச்சி குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போனது.

"ஐயோ அக்கா! நெசமாவே பறக்குது!" தபால் நிலையமே அதிர்ந்தது.

வேகம்மா மட்டும் கத்தவில்லை. "குச்சிய விடுடா. திரும்பப் போடு. என் காலப் பாரு."

முத்திரைக்காரர் மூன்று முறை நிறுத்தப் பார்த்து மூன்று முறையும் தவறவிட்டார். நான்காவது முறை படம் நின்றது. எல்லாத் தலைகளும் ஒன்றோடொன்று முட்டின. காலணியின் முன்பாதி கோட்டைத் தாண்டியிருந்தது. குதிகால் மட்டும் பின்னால். கட்டைவிரல் அகலம் இருக்கும்.

"பாதிக் கால் வெளியே போயிருக்கே அக்கா..." என்று அவர் இழுத்தார்.

"குதிகால் உள்ள இருந்தா போதும்டா! சரியான பந்துடா அது!" வேகம்மா மேசையில் ஓங்கித் தட்டினார்.

படம் மறுபடி ஓடியது. தோழிகள் நாலாபக்கமிருந்தும் பாய்ந்து வருகிறார்கள். நடுவில் அந்தக் கொக்குப் பெண் மட்டும் அசையாமல், கழுத்தைத் திருப்பி நடுவரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எல்லாரும் குதிக்கறாங்க, நீங்க மட்டும் ஏம்மா மரம் மாதிரி நிக்கறீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

வேகம்மா நாற்காலியை ஒதுக்கித் தள்ளினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசி, தொண்டை கிழியக் கத்தியபடி, தபால் மூட்டைகளுக்கு நடுவே ஓடத் தொடங்கினார்.