பாவாடை நாடாவுக்கு இரண்டு விரல் கீழே

முதுகுவலி பார்க்கிற தொழிலில், முதுகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் காட்டிவிடுவார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், பழைய மருந்துச் சீட்டு, மாமியாருக்கும் இதே வலி இருந்த வரலாறு. நாற்காலியிலிருந்து எழும்போது பல்லைக் கடிக்கிற என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகளின் கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தப்பான எலும்பு

கோயம்புத்தூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தவர் ஒருவர். ஸ்கேனில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. வலியே இல்லாத பலருக்கும் அப்படித்தான் இருக்கும். வலிக்கிற இடத்தை ஒரே ஒரு விரலால் காட்டுங்கள் என்றேன். பெல்ட்டுக்குக் கீழே, பின்பக்கம் குழி விழுமே, அங்கே வைத்தார். மறுபடி கேட்டேன், அதே இடம். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேர்கிற மூட்டு அது. எஸ்.ஐ. ஜாயின்ட் என்போம். விரல் ஒரு துப்புதான், அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. காலை மடக்கி, தொடையைத் தள்ளி, இடுப்பை அழுத்தி என்று ஐந்து விதமாகச் சோதித்தேன். டிஸ்க் பாவம், நிரபராதி. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

"அப்போ நாலு மாசமா நான் தப்பான எலும்பையா திட்டிட்டு இருந்தேன், மேடம்?"

திரைக்குப் பின்னால்

செல்வி ஸ்ரீராம்புரத்துக்காரி. ஒப்பந்தத்தில் தெரு கூட்டுகிற வேலை. இரண்டாவது பிரசவத்திலிருந்து இடுப்புவலி. டிஸ்க் என்று முடிவு கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு செய்யவேண்டிய பயிற்சிகளைச் சொல்லிக் கொடுக்கத்தான் என்னிடம் அனுப்பினார்கள். மூன்று மாசம் குனியாமல் இருந்தால் அவள் தெருவுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டாராம். கத்தியைவிட அதுதான் அவளுக்குப் பயம்.

எங்கே வலி என்றால் புடவைக்கு மேலே இடுப்பில் உள்ளங்கையை வைத்தாள். அங்கே நான் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றுமில்லை. புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். வலி என்னமோ அவருக்கு வந்த மாதிரி. எனக்கு எரிச்சல் வந்தது. டீ குடித்துவிட்டு வாங்க என்று அவரை அனுப்பி, திரையை இழுத்துவிட்டு, இப்போது ஒரு விரலால் காட்டு என்றேன். ரொம்ப நேரம் தயங்கினாள்.

"அங்கயும் காட்டலாமா, டாக்டரம்மா?"

டாக்டர் எதிரில்

விரல் போய் நின்றது பாவாடை நாடாவுக்கு இரண்டு விரல் கீழே. ஐந்து சோதனையில் நாலில் அதே வலி துள்ளிக்கொண்டு வந்தது. அன்றே அவளைச் சர்ஜனிடம் அழைத்துப் போனேன். அவர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார், கோபம் அதைவிட நன்றாக வரும். ஆபரேஷனுக்கு முன்னால் அந்த மூட்டில் மரத்துப்போகிற ஊசி போட்டுப் பாருங்கள், வலி நின்றால் குற்றவாளி அதுதான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளிடம், "எல்லி நோவு?" என்று கன்னடத்திலேயே எங்கே வலி என்று கேட்டார்.

செல்வி மறுபடி இடுப்பில் உள்ளங்கையை வைத்தாள்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம்பிளை டாக்டர் முன்னால் அவள் எப்படி அங்கே கை வைப்பாள்? வெட்கத்தை விட்டு நானே திரும்பி நின்று, என் உடம்பில் அந்த இடத்தில் விரலை வைத்து, இங்கேதானே என்றேன். தலையைக் குனிந்தபடி ஆமாம் என்றாள். சர்ஜன் பேனாவை மூடி வைத்தார்.

"முப்பது வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்கிறேனம்மா. எத்தனை பேர் எனக்கு மரியாதைக்காகத் தப்பான இடத்தைக் காட்டியிருப்பாங்க?"

துடைப்பம்

எக்ஸ்ரே திரையில் மூட்டைப் பார்த்துக்கொண்டே சர்ஜன் ஊசி போட்டார். எது செய்தால் வலிக்குமோ அதைச் செய்து பார் என்று கால் மணி நேரம் கழித்துச் சொன்னோம். மாடிப்படி ஏறி இறங்கினாள். அப்புறம், யாரும் சொல்லாமலே, சுவரோரம் ஆயா சாத்தி வைத்திருந்த துடைப்பத்தை எடுத்து வராந்தாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கூட்டிக்கொண்டு போனாள். குனிந்த இடுப்பு ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒளிப்பானேன், அழுதுவிட்டேன். சர்ஜன் ஆபரேஷன் தேதியை அடித்தார்.

ஊசி சில மணி நேரந்தான் தாங்கும். மீதியை இடுப்பு பெல்ட்டும் பயிற்சியும் பார்த்துக்கொண்டன. பத்தாம் நாள் பாதி வேலை, ஆறாவது வாரம் முழுத் தெரு. மேஸ்திரியால் வேறு ஆளைப் போட முடியவில்லை. அவளைப் பார்க்கவே ஒரு நாள் ஸ்ரீராம்புரம் போனேன். நீதான் இடத்தைச் சரியாகக் காட்டினாய் என்று பாராட்டினேன். அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"இடம் எனக்கு முதல் நாள்லேருந்தே தெரியும், டாக்டரம்மா. கேக்கத்தான் ஆள் இல்ல."

இவ்வளவு பீற்றிக்கொள்கிற எனக்கும் மூன்று வருஷமாக அதே மூட்டில்தான் வலி, இன்னும் ஒருத்தரிடமும் காட்டவில்லை.