ஐந்தாம் தலைமுறை உளி

திரையின் அடியில் ஓடும் வரி அவளை ‘ஐந்தாம் தலைமுறை மரச்சிற்பி, முப்பதாண்டு அனுபவம்’ என்கிறது. அவளுக்கு வயதே முப்பத்தாறுதான். அப்பா பஸ் கண்டக்டர். தாத்தா என்ன செய்தார் என்று வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அவளுக்கு வேலை ஒரு மரப்பெட்டிக் கம்பெனியின் பேக்கிங்கில். ஆறு வருடம் அட்டை மடித்துக் காய்த்துப்போன விரல்களைப் பார்த்த மேனேஜர், “இந்தக் கை போதும்க்கா, இதுலயே பாரம்பரியம் தெரியுது” என்று உளியை நீட்டினார்.

தினமும் காலை பதினொன்றுக்கு ஆன்லைன் விற்பனை லைவ். செதுக்கிக் காட்ட ஒரே ஒரு நகைப்பெட்டி. மூடியில் நான்கு இதழ் செதுக்குவாள். முடிந்ததும் பள்ளத்தில் மரத்தூளும் பசையும் அப்பி மறுநாளைக்குக் காயவைப்பார்கள். விற்கும் பெட்டிகளை வெட்டித் தள்ளுவது பக்கத்து ஷெட்டு மெஷின். லைவ் நேரத்தில் மட்டும் அதற்கு ஓய்வு. பாரம்பரியத்துக்குச் சத்தம் ஆகாது.

லைவை ஒருநாள்கூட விடாமல் பார்த்தவள் நாத்தனார். “தலைமுறையெல்லாம் விளம்பரம்னு எனக்குத் தெரியாதா அண்ணி? ஆனா கை பொய் சொல்லுமா? பல்லு கட்ட வெச்சிருந்த காசு இருக்கு. உங்க கையால செஞ்சது ஒண்ணு என் பொண்ணுக்கு வேணும்” என்று போனில் சொல்லியிருந்தாள். இவள் ‘உம்’ கொட்டியதோடு சரி.

அன்று லைவில் நாத்தனாரின் கேள்வி வந்தது. மேனேஜரே வாசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்: “அண்ணி, மூடியில கண்ணு மாதிரி ஒரு முடிச்சு இருக்கே, நேத்தும் அதே இடத்துல பார்த்தேனே?”

கேமராவுக்குப் பின்னால் மேனேஜர் இரு கையும் கூப்பினார்.

“ஒரே மரத்துப் பலகைம்மா. கண்ணும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.” உளி பிசகவில்லை.

“அப்போ எனக்கும் அந்தக் கண்ணு வெச்சதே அனுப்புங்க!” ஆர்டர் விழுந்தது.

“பிறவிச் சிற்பிக்கா நீங்க!” என்றார் மேனேஜர்.

மதியம் பேக்கிங் மேசைக்கு நாத்தனார் முகவரி வந்தது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், போன் இடுப்பிலேயே இருந்தது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூடியில் நான்கு இதழும் மழமழவென்றிருந்தன, கண்ணைத்தான் காணோம்.

அவள் பழுப்புச் சாயம் தொட்டு, இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கண் வரைந்தாள். காயும்வரை ஊதினாள். ‘கையால் செய்தது’ என்று முத்திரை குத்தி, டேப் ஒட்டி அனுப்பிவைத்தாள்.