இரண்டாம் எண் அட்டை

போன வாரம் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டின் கடைசி வரியில், கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லா டாக்டர்களின் கையும் தானாக எழுதிவிடுகிற அந்த ஒன்றும் இருந்தது: பி காம்ப்ளக்ஸ். வீட்டுக்கு வந்து ஸ்ட்ரிப்பைக் கிழித்தேன். வாசனை வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். மழையில் நனைந்த சாக்கைப் பாதி காய்ந்ததும் மடித்து வைத்தால் வருமே, அந்த வாசனை. அடுப்படி வரைக்கும் போயிருக்க வேண்டும். அங்கிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"எத்தினி?"

"ஒன்னுதான்" என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம். இந்த ஒரு கேள்விக்கு நாற்பது வருஷ வயது. உட்காருங்கள், சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் செஞ்சிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. நியமன ஆணையில் என் பதவிக்கு ஒன்றரை வரி நீளத்தில் பெயர் இருந்தது. ஊர்களில் வைத்த பெயர் சுருக்கமானது: 'படம் காட்டுற சார்'. ஜிப் வைத்த ரெக்சின் பையில் படம் போட்ட அட்டைகளை அடுக்கிக்கொண்டு சைக்கிளிலோ பஸ்ஸிலோ கிராமம் கிராமமாகப் போவேன். பால்வாடியில் தாய்மார்களை உட்காரவைத்து, அட்டைகளை எண் வரிசைப்படி தூக்கிக் காட்டி, வைட்டமின்களைப் பற்றிப் பேசுவேன். வரிசை மாறக்கூடாது. மாறினால் என்ன ஆகும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனாலும் நான் மாற்றியதில்லை.

முதல் அட்டையில் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு சிறுமி வாசற்படியைக் கையால் தடவித் தேடுவாள். மாலைக்கண், வைட்டமின் ஏ. பக்கத்திலேயே பப்பாளியும் முருங்கைக்கீரையும் இருக்கும். மூன்றாம் அட்டையில் ஈறில் ரத்தம் கசியும் பெண், வைட்டமின் சி, நெல்லிக்காய், எலுமிச்சை. நான்காம் அட்டையில் கால் வளைந்த குழந்தை, வைட்டமின் டி, கொஞ்ச நேரம் வெயிலில் விளையாட விடுங்கள். அந்த நான்காவதைத் தூக்கும்போது மட்டும் எனக்குக் கூச்சமாக இருக்கும். வெயிலில் நில்லுங்கள் என்று செஞ்சிக்காரர்களிடம் போய்ச் சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இரண்டாம் அட்டையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதில் ஒரு பையனின் முகம் மட்டும். வாயின் இரண்டு ஓரமும் வெடித்துச் சிவந்திருக்கும். வாயை யாரோ தைத்துவிட்டு, பிறகு மனம் மாறித் தையலைப் பிரித்துவிட்ட மாதிரி. வைட்டமின் பி-யில் ஒரு வகை குறைந்தால் இப்படி ஆகும். பால், கீரை, பயறு, முட்டை சாப்பிட வேண்டும். அரிசியை நாலு தண்ணீர் கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் சத்தெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இப்படி ஊருக்கெல்லாம் சொன்னவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தனி அறை. காலையில் டீயும் பன்னும். மதியம் மெஸ்ஸில் வெள்ளை வெளேரென்று பாலிஷ் அரிசிச் சோறு, சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர். ராத்திரி பரோட்டா. கீரை என்பது நான் கையில் தூக்கிக் காட்டுகிற பொருள். வாயில் போடுகிற பொருள் அல்ல.

ஒரு பங்குனியில் என் வாயின் இடது ஓரம் வெடித்தது. நாலு நாளில் வலது ஓரம். கொட்டாவி விட முடியவில்லை. சோற்றை உருட்டி வாய்க்குள் தள்ள முடியவில்லை. காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, சிரிக்க முடியவில்லை. மெஸ்காரர் பார்த்தவுடனே சொன்னார்: "சூடு சார். மூணு மலைக்கு நடுவுல ஊரு. பாறையெல்லாம் பகல் பூரா காயுது. ஒடம்புல சூடு புடிக்காம இன்னா பண்ணும்?" நானும் ஒப்புக்கொண்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். இளநீர் குடித்தேன். உதட்டில் வெண்ணெய் தடவினேன். இத்தனை நாளும் இரண்டாம் அட்டை என் பையிலேதான் இருந்தது. வாரத்துக்கு நான்கு ஊரில் அதைத் தூக்கிப் பிடித்து, வெடித்த வாயால் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் திண்டிவனத்திலிருந்து அக்கா கடிதம் போட்டாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை வல்லத்தில் பெண் பார்க்கப் போகிறோம். இது மூன்றாவது. முதல் வீட்டில் நான் கிணற்றை எட்டிப் பார்த்து, பிளீச்சிங் பவுடர் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். இரண்டாவது வீட்டில் பெண்ணின் அம்மா அரிசி களைவதைப் பார்த்துவிட்டு, நீரில் கரையும் வைட்டமின்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசிவிட்டேன். இரண்டு வீட்டாரும் பதில் போடவில்லை. ஆகவே அக்காவின் கடிதத்தில் கட்டளை தெளிவாக இருந்தது: 'வாயைத் திறக்காதே. சிரித்த முகமாக மட்டும் இரு. இதுவும் கைவிட்டுப் போனால் இனிமேல் நான் பார்க்க மாட்டேன்.'

யோசித்துப் பாருங்கள். எனக்கு இருந்த ஒரே வேலை சிரிப்பது. என்னால் முடியாத ஒரே வேலையும் அதுதான்.

வியாழக்கிழமை சிங்கவரம் பால்வாடியில் கூட்டம். இரண்டாம் அட்டையைத் தூக்கினேன். முன் வரிசையில் அஞ்சலை என்று ஒருத்தி, மடியில் பிள்ளையோடு, அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"சார், ஒரு டவுட்டு."

"கேளும்மா." எனக்கு மகிழ்ச்சி. கேள்வி கேட்டால் அறிக்கையில் 'ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று எழுதலாம்.

"ஒங்களப் பாத்து இந்தப் படத்த வரஞ்சாங்களா? இல்ல, இந்தப் படத்தப் பாத்து நீங்க இப்டி ஆனீங்களா?"

பால்வாடியே அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "கண்ணாடி எடுத்தாந்து குடுங்கடி சாருக்கு!" என்றாள். நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பையன் என்னைப் பார்த்தான். அதே இடது ஓரம், அதே வலது ஓரம், அதே பரிதாபம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பில் இரண்டு ஓரமும் பிளந்து ரத்தம் வந்தது.

"ஐயோ சார், ரத்தம்! சிரிக்காதீங்க சார், சிரிக்காதீங்க!" என்று அஞ்சலை கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். சிரிக்காதே என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் என்ன செய்வது? நான் வலியில் துள்ளினேன். துள்ளுவதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அன்றைக்கு மூன்றாம் அட்டையும் நான்காம் அட்டையும் காட்டவில்லை. என் பணிக்காலத்தில் முடிக்காமல் விட்ட ஒரே கூட்டம்.

நேராக மருந்துக் கிடங்குக்குப் போனேன். அங்கே பார்மசிஸ்ட் காதர் பாய். பல தலைமுறையாகச் செஞ்சியில் கடை வைத்திருந்த குடும்பம். இவர் ஒருவர்தான் அரசாங்க வேலைக்கு வந்தவர். இவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின மாதம் வாட்ச்மேனுக்கு இவர் ஓ.பி. சீட்டு இல்லாமல் பத்து மாத்திரை கொடுத்ததைப் பார்த்து, அது எந்தெந்த விதிக்கு முரண் என்று டாக்டருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வைத்தவன் நான். கிடங்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் விதி தெரிந்தவனுக்குச் சம்பந்தம் எதற்கு?

"பாய், பி காம்ப்ளக்ஸ் இருக்குதா?"

"ரெண்டு டின்னு இருக்குது சார். ஒன்னு ஒடைக்கவே இல்ல."

"எனக்குக் கொஞ்சம் குடுங்க."

"சீட்டு?"

"டாக்டர் கேம்ப் போயிருக்காரே. திங்கக்கெழமதான வர்றாரு."

"அப்ப திங்கக்கெழம வாங்க சார்." சொல்லிவிட்டு மேஜைக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். கண்ணாடிக்கு அடியில் என் இரண்டு பக்கக் குறிப்பு, மடிப்புக் கலையாமல், புகைப்படம் மாதிரி.

ஆனாலும் பாய்க்கு மனசு இளகியது. கிடங்கைப் பூட்டிவிட்டு, என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கடைத்தெரு மெடிக்கலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரே வாங்கிக் கொடுத்தார். "வேளைக்கு ஒன்னு. பத்து நாள்ல ஆறிடும்" என்றார். எனக்கோ மூன்று நாள்தான் இருந்தது. ஒரு சுவரை ஒரு ஆள் பத்து நாளில் கட்டினால் மூன்று நாளில் கட்ட எத்தனை ஆள் வேண்டும்? பள்ளியில் கணக்கில் நான் முதல். வேளைக்கு நாலு மாத்திரை என்று விடை வந்தது.

சனிக்கிழமை காலை கழிப்பறையில் சிறுநீர் போன நிறத்தைப் பார்த்துப் பதறி வெளியே வந்தேன். சாமந்திப்பூவைக் கரைத்துவிட்ட மாதிரி, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். கண்ணாடியில் பார்த்தேன். கண்ணும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. அறையின் சுவரே மஞ்சள் பெயிண்ட் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. காதர் பாயிடம் ஓடினேன்.

"பாய், மஞ்சளாப் போவுது. நல்ல மஞ்சள். இன்னா பாய் இது?"

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "அத நான் சொன்னா வைத்தியம் பாத்த மாதிரி ஆயிடும் சார். எனக்கு அதிகாரம் இல்ல. சீட்டு வேணும்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை வல்லத்துக்குப் போனவன், தன் கணக்குப்படி, வாய் வெடித்தவன் மட்டுமல்ல, மஞ்சள்காமாலைக்காரனும்கூட. வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "பஜ்ஜிக்கு மாவு கரைச்சிருப்பாங்க, நட" என்றாள் அக்கா.

பெண்ணின் பெயர் மல்லிகா. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். வேர்க்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். அவளுடைய அப்பா மல்லாட்டை பயிர் வைக்கிறவர். வறுத்ததை ஒரு முறம் நிறைய எதிரில் வைத்தார். மல்லிகா பஜ்ஜித் தட்டோடு வந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். பிடித்துவிட்டது. சிரிக்க வேண்டும் என்று மனசு சொன்னது; உதடு மறுத்தது. மிளகாய் பஜ்ஜியைத் தொடவில்லை. கேசரியை மட்டும் குருவி மாதிரி நுனி நாக்கில் எடுத்தேன். அக்கா பக்கத்திலிருந்து தொடையைக் கிள்ளினாள். வலித்தது, முகம் இன்னும் கடுகடுத்தது.

பெண்ணின் அப்பாவுக்குக் குரல் இறங்கியது. "மாப்ளைக்குப் புடிக்கல போல இருக்குது. பரவால்லம்மா, இதுல இன்னா இருக்குது" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே எழுந்தார். அவ்வளவுதான், மூன்றாவதும் போயிற்று என்று நினைத்தேன்.

கதவோரத்திலிருந்து மல்லிகா அப்பாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "நைனா, அவருக்குக் கோவமெல்லாம் இல்ல. வாய் ஓரம் வெடிச்சிருக்குது, பாரு. சிரிச்சா வலிக்கும். எங்க சென்டர்ல நாலு புள்ளைங்க இப்டித்தான் வந்துச்சிங்க. கீரயும் பயறும் போட்டு ஆத்தினேன்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு நேர்மை பொங்கியது. உண்மையை மறைத்து ஒப்பந்தம் செய்வது முறையல்ல என்று எனக்குத் தெரியும். அக்காவின் கட்டளையை மீறி வாயைத் திறந்தேன்.

"எனக்கு மஞ்சக்காமாலையும் இருக்குதுங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். மல்லிகா மட்டும் ஓரடி முன்னால் வந்து என் கண்ணைப் பார்த்தாள்.

"மாத்திர எதுனா சாப்டீங்களா?"

"பி காம்ப்ளக்ஸ்."

"எத்தினி?"

"வேளைக்கு நாலு."

அவள் சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்தது. அதற்கு மேல் சிரிப்பு. அடக்க அடக்கப் பீறிடுகிற சிரிப்பு. நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நைனா, அந்த மாத்திர தின்னா மஞ்சளாத்தான் போவும்! காமாலையும் இல்ல ஒன்னும் இல்ல!" அவள் அப்பா முறத்தைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், இரண்டு ஓரமும் கிழிய, புதுக் கைக்குட்டை சிவக்க.

பஸ்ஸில் அக்கா வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். பத்து நாள் பதில் இல்லை. வாய் ஆறிவிட்டது; சிரிக்கத்தான் காரணம் இல்லை. பதினொன்றாம் நாள் மல்லிகாவின் அப்பாவிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது: 'பெண்ணுக்குச் சம்மதம். மாப்பிள்ளைக்குக் கீரை சாப்பிடும் வழக்கம் உண்டா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.' முருங்கை, அரை, சிறு, பொன்னாங்கண்ணி என்று வரிசை எண் போட்டுப் பதினான்கு கீரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

காதர் பாய் கல்யாணத்துக்கு வந்து, மாலை போடும் முன் என் காதில், "சீட்டு இருக்குதா சார்?" என்றார். இப்போது அவர் இல்லை. மூடியைத் திறந்தால் அறையே மணக்கும் ஆயிரம் மாத்திரை டின்னும் இல்லை. மாத்திரைகள் இப்போது தனித்தனிக் குழியில் படுத்திருக்கின்றன. கடையில் வைட்டமின், கரடி பொம்மை வடிவத்தில் ஆரஞ்சு மிட்டாயாக விற்கிறது. என் வாயைப் பார்த்து முகத்துக்கு நேராக டவுட்டு கேட்க ஒரு அஞ்சலையும் இல்லை.

அட்டைகளும் இல்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் பழைய பொருள்களைக் கழித்துக்கட்டும் பட்டியலைத் தயாரித்தவன் நான்தான். 'சுகாதாரக் கல்விப் பட அட்டைகள், பயனற்றவை' என்று மூன்று படிகளில் எழுதி, என் முன்னிலையில் எரித்ததாகக் கையெழுத்திட்டேன். இரண்டாம் எண்ணை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். எனக்குப் பத்து நாளில் ஆறிய வாய் அவனுக்கு இத்தனை வருஷத்திலும் ஆறவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போக விதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அன்று மாலை மல்லிகாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அந்த மூஞ்சியப் பாத்துத்தான நான் கழுத்த நீட்டினேன். அவனப் போயி எரிச்சிட்டு வந்திருக்கிறீங்களே!"