கேப்டனின் காது

முதலில் நினைவுக்கு வருவது அந்த மேட்தான். தேங்காய்நாரில் பின்னிய நீளமான விரிப்பு. சுருட்டிக் கட்டினால் ஒரு ஆள் கனத்துக்கு உருண்டு நிற்கும், மழையில் நனைந்துவிட்டால் ஆறு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. புல்தரை ஆடுகளம் எங்கள் மாவட்ட அணிக்கு வாய்க்காத காலம் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். எங்கே ஆட்டம் என்றாலும் பட்டாசு லோடு ஏற்றுகிற வேனில் மேட்டை ஏற்றி, அதன்மேல் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து போவோம். போய் இறங்கும்போது வெள்ளைக் கால்சட்டைகளில் வெடிமருந்துத் தூள் ஒட்டியிருக்கும். மற்ற மாவட்டத்துக்காரர்கள் எங்களை 'வெடி டீம்' என்பார்கள். அது பாராட்டு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு முந்தின தலைமுறையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் குமாஸ்தாவும் இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்களும் சேர்ந்து தொடங்கிய அணி. மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியில் கடைசிப் பிரிவில் இடம் கிடைத்தது. நான் ஆடத் தொடங்கிய காலம் வரை அந்தப் பிரிவைவிட்டு ஒருமுறைகூட மேலே ஏறியதில்லை. திறமை இல்லாமல் இல்லை, ஆள் சேராது. பாதிப் பேர் பட்டாசிலும் அச்சகத்திலும் வேலை பார்த்தவர்கள். தீபாவளி வரை சீசன், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடக்கிற அந்த ஒரு மாதம்தான் எங்களுக்குக் கிரிக்கெட். நான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தேன். அணியில் முதல் ஆளாக இறங்கி மட்டை பிடிப்பேன். எதிர்முனையில் என்னோடு இறங்குகிறவர் கேப்டன்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கூலிக்குக் காட்டில் களையெடுக்கப் போன குடும்பத்திலிருந்து வந்து, வெடிமருந்து அறையில் கூலியாக நுழைந்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். ஆணி உரசினாலும் தீப்பிடிக்கும் என்று பயப்படுகிற கம்பெனிப் பழக்கம் மைதானத்திலும் அவரை விடாது. ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் ஒவ்வொருவரின் ஷூவையும் கவிழ்த்துப் பார்ப்பார், ஆணி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று. அவருக்கு முன்னால் அணியில் யார் ஆடுவது என்பதைத் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளைகளே தீர்மானித்தார்கள். இவர் வந்த பிறகுதான் தாயில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவனுக்கும் முதல் ஓவர் போடக் கிடைத்தது. யாரையும் கத்தித் திட்டியதில்லை. பந்தைத் தவறவிட்டவன் பக்கத்தில் போய், "சரி விடுலே, அடுத்தது வரும்" என்பார். அம்புட்டுதான்.

ஒரு வருடம் ஆவணி மாதத்தில் கம்பெனியில் கழிவு மருந்தைக் குழியில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் இருக்கக்கூடாத ஏதோ ஒன்று கிடந்திருக்கிறது. வெடித்தபோது பக்கத்தில் நின்றவர் கேப்டன் மட்டும்தான். புருவம் கருகியது, முழங்கையில் தோல் வழன்றது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. நாங்கள் பார்க்கப் போனபோது, "ரெண்டு நாளாக் காதுக்குள்ள வண்டு கத்துது, சரியாப் போயிரும்" என்று சிரித்தார். சரியாகிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து ஆடிய முதல் ஆட்டத்தில் நான் பந்தைத் தட்டிவிட்டு "நோ! நோ!" என்று கத்தினேன். அவர் ஓடி வந்துகொண்டே இருந்தார். கடைசியில் இருவரும் ஒரே முனையில் நின்றோம், அவர் ரன்-அவுட். என்னை ஒரு நொடி பார்த்தார், பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். திரும்பி வரும்போது வேனில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "கேப்டன்" என்று சாதாரணக் குரலில் மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை.

இறங்கியபின் நானே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் மேட்டின் கயிற்றைச் சரிபண்ணுவதுபோல் குனிந்து நின்றார்.

"பக்கத்துல நின்னு பேசுனா கேக்குது. தள்ளி நின்னா இல்ல. நரம்பு போச்சுலே, இனி வராது. யார்ட்டயும் சொல்லிராத. காது கேக்காத ஃபோர்மேனை எந்தக் கம்பெனில வச்சிருப்பாக?"

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினார். காட்டினால் சீட்டில் எழுதுவார்கள், எழுதினால் கம்பெனிக்குத் தெரியும் என்ற பயம் என்பது பின்னால் புரிந்தது. சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அது விசுவாசம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு நாங்கள் இருவரும் சைகை பழகினோம். மட்டையை உயர்த்தினால் நில்லு, தாழ்த்தினால் வா. இரண்டு வருடம் அப்படியே ஆடினோம். ரன் சேர்ந்தது, ஜெயிக்கவும் செய்தோம். கேப்டன் ஆட்டத்தின்போது யாரிடமும் பேசுவதில்லை, அவ்வளவு கவனம் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் வியந்தார்கள்.

இதில் நான் செய்த பெரிய தப்பு இன்னொன்று. அந்த இரண்டு வருடம் முடியப் போகிற சமயம், சீசன் நேரத்தில் ஒரு மதியம் கேப்டனின் மனைவி என் அச்சக வாசலுக்கு வந்தார். நாங்கள் எல்லாரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிற வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், விரல்களில் பசை காய்ந்திருந்தது.

"தம்பி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒளிக்காமச் சொல்லுங்க. அவுகளுக்குக் காது கேக்கலையா? இல்ல, நான் பேசுறதுதான் பிடிக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி. சீசன் அசதி" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்டது இரண்டு கேள்விகள். முதலாவதை நான் இல்லை என்று சொன்னதும் அவர் கையில் மிஞ்சியது இரண்டாவது மட்டும்தான் என்பது, அவர் தெருமுனை திரும்பிய பிறகே எனக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அந்த வருடக் கடைசி ஆட்டம் காரியாபட்டிப் பக்கம் நடந்தது. ஜெயித்தால் அணியின் வரலாற்றில் முதல்முறையாக மேல்பிரிவுக்குப் போகிறோம். எதிரணிக்குக் கடைசி விக்கெட், பதினோரு ரன் வேண்டும். ஒருவன் பந்தை வானத்துக்குத் தூக்கினான். நான் எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே ஓடினேன், கேப்டன் முன்னாலிருந்து பின்னோக்கி ஓடி வந்தார். இருவர் கண்ணும் பந்தின்மேல். "லீவ்! லீவ்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே, இவருக்குக் கேட்காதே என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் என் தோள் அவர் தலையில் மோதிவிட்டது. பந்து எங்கேயோ விழுந்தது. நான் எழுந்தேன். அவர் எழவில்லை. இடது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம்.

மதுரைக்கு வேனில்தான் கொண்டுபோனோம். மேட்டையும், ஆட்டத்தை முடிக்க மற்றவர்களையும் மைதானத்திலேயே விட்டுவிட்டு, அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாதி வழி தாண்டும்போது கண் திறந்து, "கேட்ச்சு?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

மதினி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். காதில் ரத்தம் வந்ததால் காது டாக்டரம்மாவை வரவழைத்திருந்தார்கள். அவர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரத்தம் வெளித்தோல் கிழிஞ்சதால வந்தது, பயமில்ல. ஆனா ரெண்டு காதுலயும் செவிப்பறை ஓட்டையா இருக்கே. இது இன்னைக்கு விழுந்ததில்ல. எத்தனை வருசமா இவருக்குக் கேக்கல?"

கேப்டன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி என்னைப் பார்த்தார். "ரெண்டு வருசமாகுது டாக்டர்" என்றேன். குழியில் வெடித்ததையும் ரன்-அவுட்டையும் சைகையையும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது, அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

டாக்டரம்மா பையிலிருந்து கவைபோல் ஒரு இரும்பை எடுத்துத் தட்டி, அதன் காம்பைக் கேப்டனின் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கேப்டனின் முகம் மாறியது. "கேக்குது" என்றார், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி. "நல்லாக் கேக்குது!"

"நரம்பு போகல. பறை மட்டும்தான் போயிருக்கு. ஆபரேஷன் பண்ணி அடைச்சிரலாம்."

மதினி கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே சொன்னது எனக்குக் கேட்டது: "அப்ப, என்னையப் பிடிக்காமப் போகல."

பக்கத்தில் நின்று சொன்னதால் கேப்டனுக்கும் கேட்டுவிட்டது. "ஏ கோட்டிக்காரி, அப்படியா நெனச்சுட்டு இருந்தே?" என்றார். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டேன்.

ஆட்டத்தின் முடிவை மறுநாள்தான் விசாரித்தேன். தோற்றிருந்தோம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை, இன்றுவரை வந்ததில்லை. மதினி என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள், "சாப்பிட்டீகளா தம்பி" என்று கேட்டார். அதோடு சரியாயிற்று. பயந்தபடி கம்பெனியிலும் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி, "இதை ஏம்ப்பா மறைச்சே?" என்று கோபப்பட்டார். காது சரியாகும்வரை மருந்துப் பக்கம் விடாமல் பேக்கிங் அறைக்கு மாற்றினார், வேலை போகவில்லை.

இடது காதை முதலிலும் ஆறேழு மாதம் கழித்து வலது காதையும் சரிசெய்தார்கள். இரண்டாவது கட்டுப் பிரித்து ஊருக்கு வரும்போது பஸ்ஸில் நானும் கூட இருந்தேன். வழியெல்லாம் கேப்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். "ஏலே, இந்த பஸ்ஸு எப்பவும் இப்படித்தான் கெடந்து அலறுமா?" என்றார்.

அந்த வருடம் டாக்டர் அவரை ஆட விடவில்லை. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நாங்கள் அவரில்லாமல் ஆடி மேல்பிரிவுக்கு ஏறினோம். மறுவருடம் அவர் திரும்ப வந்து ஆடினார், கீழே இறங்கிவிட்டோம். அணியின் வரலாறு என்று யாராவது எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடுகிற சங்கதி அது.

இப்போது அந்த அணியில் ஆடுகிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. புல்தரையில் ஆடுகிறார்கள், சொந்தமாகப் பஸ் வைத்துப் போகிறார்கள். கேப்டன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் உள்ளறையில் ஏதோ தேடிக்கொண்டிருக்க, மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து, ரகசியக் குரலில் சொன்னார்:

"அந்த ரெண்டு வருசம் ஒரு வகைல நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அடுப்படில நின்னு இவுகளை என்ன வேணாலும் திட்டலாம்."

"கேட்டுச்சு!" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.