மட்டையைத் தேடிப் போன பந்து

வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடிக்கொடுக்கும் மார்க்கர் அவர். இருபது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, வெறுங்கால். பந்தைச் சட்டையில் துடைக்காமல் அடிக்க மாட்டார். அவர் அடித்த பந்து துரையின் மட்டையைத் தேடிப் போகும். துரையை ஓடவிட்டால் வேலை போய்விடும்.

ஒரு ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ் திடலில் கிள்ளானிலிருந்து வந்த, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமாருக்கு எதிராக எங்கள் அணியில் அவரை இறக்கினோம். அன்று எதிரே துரை இல்லை, அவர் ஜெயிக்கலாம். கைக்கெட்டிய ஒரு பந்தைக்கூட அவர் தவறவிடவில்லை. ஆனால் எல்லாமே எதிராளியின் மட்டைக்கே போயின. அந்தக் கிராணி நின்ற இடத்திலிருந்தே அடித்து ஜெயித்தார்.

"ஓரத்துல போட்டிருக்கலாமே, தம்பி?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"போடணும்னுதாண்ணே நெனச்சேன். கை கேக்க மாட்டேங்குது."

கிளம்பும்போது, கடைசிப் பந்தைச் சட்டையில் நன்றாகத் துடைத்து, ஜெயித்தவரிடம் நீட்டினார்.