மேசைக்கு வந்த வளையம்

ராமலட்சுமிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கிழிந்த சேலை, கொட்டாங்கச்சி, எரிந்து தீர்ந்த மெழுகுவத்தியின் அடிக்கட்டை என்று எது கையில் வந்தாலும், “இருக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்” என்று மூலையில் சேர்த்துவிடுவாள். பீர்மேட்டுப் பக்கம் மூடிப்போன ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஒட்டி ஒட்டிக் கட்டிய எட்டு வீட்டு லயத்தில் கடைசி வீடு அவளுடையது. “மனுசன் நிக்க எடமில்ல, கொட்டாங்கச்சிக்கு மட்டும் எடமிருக்கு” என்று பக்கத்து வீட்டு வேலுத்தாய் கேலி செய்வாள். கேலி செய்த வாயோடு மறுநாளே வந்து ஒரு முழம் கயிறு கேட்கவும் செய்வாள்.

ஆனால் அந்த வீட்டுச் சுவரில் நாலு வருடமாக ஆணியில் தொங்கிய ஒரு பொருளைப் பற்றி மட்டும் வேலுத்தாய் கேலி பேசியதில்லை. அது ஒரு ரீத்து. மலர்வளையத்துக்கு மலையில் அதுதான் பெயர்.

எஸ்டேட் ஓடிய காலத்தில் லயத்தில் யார் இறந்தாலும் யூனியன்காரர்கள் டவுனிலிருந்து ரீத்து வாங்கிவந்து உடம்பின் மேல் வைப்பார்கள். எஸ்டேட் மூடியதும் யூனியன் கலைந்தது, ரீத்தும் நின்றுபோனது. அப்படி முதன்முதலில் வெறும் உடம்பாகக் கிடந்தவர் சங்கையா. முப்பது வருடம் ஃபேக்டரிச் சூட்டில் வெந்தவர். ராமலட்சுமிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று காட்டுக்குள் போனாள். பச்சைத் தேயிலைக் குச்சியை வளைத்து வாழைநாரால் கட்டி, சில்வர் ஓக் இலையை அதன் வெள்ளி நிறம் மேலே தெரியும்படி செருகி, இடையிடையே உண்ணிப்பூ வைத்துக் கொண்டுவந்து சங்கையாவின் நெஞ்சில் வைத்தாள். கூடியிருந்தவர்கள் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதன் பிறகு அந்த லயத்தில் விழுந்த ஒவ்வொரு சாவுக்கும் ரீத்து கட்டியது அவள்தான். ஒருவரிடமும் ஒரு வாய்க் காப்பிகூட அவள் வாங்கிக் குடித்ததில்லை.

அந்த லயத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்டிய ரீத்து உடம்போடு போய்விட வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது, வந்தால் இன்னொரு சாவைக் கூட்டிவரும் என்பார்கள்.

கொரோனா காலத்தில் அவள் புருஷன் சோலையை மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்தாம் நாள், இறந்துவிட்டதாக போன் வந்தது. உடம்பு ஊருக்கு வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, அழுதுகொண்டே அவள் வளையம் கட்டினாள். நார் போதவில்லை. சோலையின் நீலக் கட்டம் போட்ட கைலியைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். வேலுத்தாயோடு ரோட்டில் சாயங்காலம்வரை நின்றாள். உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் ரீத்து கட்டியவளின் புருஷன் ஒரு இலைகூட இல்லாமல் போனான். அவள் வளையத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து எந்தச் சாவுக்கும் அவள் குச்சியைத் தொடவில்லை.

ஒரே மகள் ஆனந்தி கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வருடம் முன்பு பொங்கலுக்கு வந்து போனாள். திரும்பிப் போன ஒரு மாதத்துக்குள் ஆறு மாதக் கரு கலைந்துவிட்டது. எப்படி, எதனால் என்று மாமியார் வீட்டில் ஆளாளுக்குக் கிளறியபோது, ஆணியில் தொங்கும் ரீத்தைப் பற்றி அவளே சொல்லிவிட்டாள். அதோடு சரி. போனில் பேசுவாளே தவிர, அம்மா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இந்த டிசம்பரில் அவளே கூப்பிட்டாள். “அம்மா, கிறிஸ்மஸ் லீவுல நானும் அவரும் வாரோம். மத்தியானம் சாப்பாடு உன் வீட்டுலதான். ஆனா அத எடுத்துரும்மா. அது இருந்தா நான் வரமாட்டேன்.”

“சரிடி” என்றாள் ராமலட்சுமி. சொல்வது சுலபம். மறுநாள் விடிந்ததும் வளையத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். நீலக் கட்டம் கண்ணில் பட்டது. கை விடவில்லை. திரும்பக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மகளா, மாண்டவனா என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தாள். கடவுளே, இப்படி ஒரு கேள்வியை ஒருத்திக்கு வைக்கலாமா!

வேலை, குட்டிக்கானம் போகும் வழியில் ரஜீனா நடத்தும் ஹோம்ஸ்டேயில். ரஜீனா பாலக்காட்டுக்காரி, சின்ன வயசு. கிறிஸ்மஸுக்கு எர்ணாகுளத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வரப்போகிறது, மேசையை அழகாக வைக்க வேண்டும். கடை அலங்காரம் கட்டுப்படியாகாது. “அக்கா, நீங்க ஏதாச்சும் பண்ணுங்க” என்று அவள் சொன்னதுதான் தாமதம், ராமலட்சுமியின் வீட்டு மூலை ஹோம்ஸ்டேக்கு இடம் பெயர்ந்தது. கொட்டாங்கச்சியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழைய மெழுகை உருக்கி ஊற்றித் திரி போட்டாள். பழம்புடவையின் சரிகைக் கரையைப் பிரித்து மேசையின் நீளத்துக்கு விரித்தாள். பைன் காய்களைப் பொறுக்கிவந்து கரையோரம் வைத்தாள். பலா இலையில் ரஜீனா ஆணியால் கீறி விருந்தாளிகள் பெயரை எழுதினாள். கீறிய இடம் பழுப்பேறி எழுத்து அழகாகத் தெரிந்தது.

கடைசியில் ரஜீனா செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். “நடுவுல இது மாதிரி ஒண்ணு இருந்தா நல்லா இருக்குங்க்கா.” பச்சை இலை வளையம், அதற்குள் நாலு மெழுகுவத்தி.

ராமலட்சுமி போனை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “ரஜீனாம்மா, எங்க லயத்துல இத சாவுக்குத்தான் கட்டுவோம்” என்றாள்.

“ஐயோ, தெரியாம கேட்டுட்டேனுங்க. விட்ருங்க, வேண்டாம்.”

“இல்ல, கட்டித் தாரேன்.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு வருடம் கழித்துக் குச்சியை வளைத்தாள். கை எதையும் மறக்கவில்லை. கண்ணீர்தான் இரண்டு தடவை கண்ணை மறைத்தது.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் சமையலறை வாசலில் நின்று அவள் பார்த்தாள். வளையத்தைச் சுற்றி மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேலாகவே மீன்குழம்புக் கிண்ணம் கை மாறியது. ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பில் மெழுகுவத்தி ஒன்று அணைந்தது, எதிரே இருந்த பெண் அதை மறுபடி ஏற்றினாள். ராமலட்சுமி கட்டிய வளையம் எதையும் சுற்றி அதுவரை ஒருவரும் சிரித்ததில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயசம் எடுக்கப் போனாள்.

மறுநாள் ஆனந்தியும் மருமகன் சதீஷும் வந்தார்கள். லயத்து வீட்டில் மேசை ஏது? சோலை ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே வெளுத்த சேலையை மடித்து விரித்திருந்தாள். சுற்றிலும் பாய். பெட்டியின் ஓரங்களில் மூன்று வாழையிலை. நடுவில் பச்சை வளையம் ஒன்று, அதற்குள் கொட்டாங்கச்சி விளக்கு. வெளியே மூடுபனி இறங்கியிருந்ததால் மத்தியானத்திலும் விளக்கு வெளிச்சம் நன்றாகத் தெரிந்தது.

“என்னத்தே, ஹோட்டல் தோத்துப் போகும்போல” என்றான் சதீஷ்.

ஆனந்தியின் கண் முதலில் சுவருக்குப் போனது. ஆணி வெறுமையாக இருந்தது. நிம்மதியாக உட்கார்ந்தவள், வளையத்தில் இலை விலகிய இடத்தில் நீலக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள்.

“எடுக்கச் சொன்னதுக்குச் சரின்னியேம்மா!”

“ஆணியில இருந்து எடுத்துட்டேன். ஒனக்குத் தெரியாம மறைக்கணும்னு நெனைக்கல. அந்த நீல முடிச்ச எலை வச்சு நான் மூடலேல்ல.”

“சாவு ரீத்துல சோறு தின்னச் சொல்றியா? நான் புள்ளைய எழந்தது பத்தாதா?” அவள் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

ராமலட்சுமி பாயில் உட்கார்ந்தபடியே பேசினாள். “நீ எழந்தது எனக்கு வலிக்காதாடி? அன்னைக்கிருந்து நானும் நெஞ்சக் கல்லாக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஒண்ணு கேக்கேன், சொல்லு. இத ஒங்கப்பா மேல வச்சாகளா? இது அவரு ஒடம்பப் பாத்துச்சா? ஒடம்பையே பாக்காதது எப்படிடி சாவு ரீத்தாகும்? காஞ்ச எலைய எல்லாம் உருவிப் போட்டுட்டேன். அந்தக் குச்சியும் ஒங்கப்பா கைலியும்தான் மிச்சம். பச்சை எலை இன்னைக்குக் காலையில வச்சது. அவருக்குத்தான் ஆகல, அவரு பிள்ளை சாப்பிடுற எடத்துக்காச்சும் ஆகட்டும்னு வச்சேன். வேண்டாம்னா சொல்லு, இப்பவே ஓடையில போடுதேன். நெசமா போட்டுருவேன்.”

சதீஷ் பொண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிவை அவளிடமே விட்டுவிட்டான். நல்ல பிள்ளை.

ஆனந்தி கதவருகே நின்றாள். பிறகு மெதுவாக வந்து குனிந்து, நீலக் கட்டத்தை விரலால் தடவினாள். அவளைச் சின்ன வயதில் தூளியில் போட்டு ஆட்டியதும் இப்படி ஒரு கைலியில்தான்.

“அப்பாவுக்கு எலை போடலியாம்மா?” என்று கேட்டாள்.

வீட்டில் இருந்தது மூன்று இலைதான். ராமலட்சுமி தன் இலையை இரண்டாகக் கிழித்தாள். பாதியை வளையத்தின் பக்கத்தில் போட்டுச் சோறும் குழம்பும் வைத்தாள். மீதிப் பாதியில் தனக்குப் போட்டுக்கொண்டாள். ஆனந்தி உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. நாலு வருடமாகத் தனித்தனியே அழுதுகொண்டிருந்த தாயும் மகளும் அன்றைக்குத்தான் சோலைக்காகச் சேர்ந்து அழுதார்கள்.