முயலின் ரத்தக்குழாய்

முயல்களைக் கொல்வது லலிதாவுக்குக் கடைசிவரை பழகவில்லை. கொழுப்பு கலந்த தீனியைப் போட்டு ரத்தக்குழாயில் அடைப்பை வரவழைத்து, அவற்றில் பாதிக்கு மட்டும் செடியிலிருந்து எடுத்த மருந்தைப் புகட்டி, பிறகு எல்லாவற்றையும் மயக்கி அறுத்துப் பார்ப்பதுதான் புணேயில் அவள் பார்த்துவந்த வேலை. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்தவள் அவள். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா, ஐம்பது வயதில் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழவில்லை. வேதியியல் படித்த மகள் இந்த ஆராய்ச்சிக்கு வந்தது அதனால்தான் என்று உறவில் சொல்வார்கள்.

சஹ்யாத்ரி மலையில் வளரும் ஒரு புதரின் வேரிலிருந்து அவள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தாள். அது முயல்களின் பெருந்தமனியில் கொழுப்புப் படிவதைக் கொஞ்சம் குறைத்தது. கொஞ்சம்தான். சில முயல்களுக்கு அதுவும் இல்லை; இரண்டுக்குக் கல்லீரல் வீங்கிப்போயிருந்தது. மனிதனுக்குக் கொடுத்தால் என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். ஆராய்ச்சிக்கூடத்தின் முதலாளி ஹரிபிரசாத் பிரமாதம் என்று கை குலுக்கினார். சென்னைக்காரர், பாணேரில் வீடு. யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர்.

லலிதாவின் தம்பி ராம்கி ஆகுர்டியில் கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருந்தான். அப்பாவின் நெஞ்சு அவனுக்கும் வாய்த்திருந்தது. அடைப்பு கண்டு, ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், காலைச் சாயாவைக் கையில் வைத்தபடியே கீழே விழுந்தான். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று அவர் கேட்டபோது, தம்பி மனைவி மீனு தரையைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன லலிதா, சமையலறை அலமாரியில் ஒரு பச்சைக் குப்பியைப் பார்த்தாள். லேபிளில் இரண்டு ரத்தக்குழாய்ப் படங்கள்: ஒன்று அடைத்தது, ஒன்று திறந்தது. அடைப்பைக் கரைக்கும், ஆராய்ச்சியில் நிரூபணமானது என்று மராத்தியில் எழுதி, கீழே அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தின் பெயரையும் போட்டிருந்தார்கள். இரண்டாவது படத்தில் குழாயின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். முயலை அறுக்கும்போது அவள் கத்தி வழுக்கிக் கிழித்த இடம் அது. மூடியைத் திறந்தாள். தீய்ந்த வெல்ல வாடை முகத்தில் அடித்தது. மூடியை இறுக்கிக் குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து கேட்டபோது மீனு மெதுவாகத்தான் சொன்னாள். "மாத்திரையில உடம்பு அசதியா இருக்குன்னாரு. இது எங்கக்கா லேப்ல கண்டுபிடிச்சதுன்னு வாங்கிட்டு வந்தாரு. உங்ககிட்ட கேக்கலாம்னேன், அண்ணி. அக்கா எதையும் லேசுல ஒத்துக்க மாட்டாங்கன்னுட்டாரு."

மறுநாள் ஹரிபிரசாத் தன் அறையில் சாபுதானா வடா என்கிற ஜவ்வரிசி வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி விழுந்ததைச் சொல்லிக் குப்பியை மேஜைமேல் வைத்தாள். அவர் முகம் மாறவில்லை. அந்த மருந்தை விற்க ஒரு கம்பெனிக்கு உரிமை கொடுத்ததாகவும், அவளிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்தான் என்றும், விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா, சொல்லுங்க மேடம். படம் நம்ம படம். ஆராய்ச்சி நம்ம ஆராய்ச்சி."

"அது முயலோட ரத்தக்குழாய். முயல்னு போடுங்க."

"முயல்னு போட்டா யார் வாங்குவா?" என்று சிரித்தார். பிறகு நிஜமான அக்கறையோடு முன்னால் குனிந்தார். "தம்பிக்கு வேணும்னா ஒரு பெட்டி அனுப்பி வைக்கறேன். நம்ம ஆளுதானே."

அந்த அக்கறைதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பாள். எண்ணெய் மினுக்கும் அந்த விரல்களையும் கனிந்த முகத்தையும் பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. அன்றோடு அங்கே போவதை நிறுத்தினாள்.

அரசின் மருந்துத் துறையில் புகார் கொடுத்தாள். விசாரித்தார்கள். ரத்தக்குழாய் இருந்த இடத்தில் சிரிக்கும் ஒரு கிழத் தம்பதியின் படம் வந்தது. 'நிரூபணம்' போய் 'நம்பிக்கை' வந்தது. சரக்கு முன்னைவிட நன்றாக விற்றது. மலையில் அந்தப் புதரை டெம்போ டெம்போவாக வேரோடு பிடுங்கி இறக்குகிறார்களாம். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் லலிதா, அந்த வேரை முறையாகச் சோதிக்க இரண்டு இடங்களில் உதவி கேட்டாள். கடையில் கிடைக்கிற பொருளை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள்.

ராம்கி பிழைத்துக்கொண்டான். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறான். ஆரம்பத்தில் அக்காவோடு பேசவில்லை. உன் லேப் என்றுதானே நம்பினேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னான்.

போன மாதம் இருவரும் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்கள். மாடிப்படி பாதியில் மூச்சு வாங்கி, அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"அந்த வேர்ல நெஜமாவே ஒண்ணும் இல்லையாக்கா?"

"இருக்கலாம்டா," என்றாள் லலிதா. "ஆனா இனிமே அதை யாரும் சோதிச்சுப் பாக்க மாட்டாங்க."

அவன் எழுந்திருக்கும்வரை பையைக் கீழே வைக்காமல் பக்கத்திலேயே நின்றாள்.